ஒரு தட்டு என்றால் தப்பு

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டு ஜெனிபர் வாங்கிக் கொடுத்தது. வாரம் இரண்டு நாள் வந்து சாருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். "தெனம் ரெண்டு வரி எழுதுங்க ஆன்ட்டி. என்ன சாப்பிட்டாங்க, என்ன சத்தம் குடுத்தாங்க, கை எப்ப அசைஞ்சுது, எல்லாத்தையும் மணியோட குறிச்சு வைங்க" என்றாள். இரண்டு வரியாம். பட்டிமன்ற மேடையில் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைந்து நான் எதையும் முடித்ததில்லை என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

சார் என்பது என் வீட்டுக்காரர். தனுஷ்கோடி சார். இந்தச் சாத்தூரில் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவர். ஊரே சார் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே. போன அக்டோபரில் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. இடது கை நன்றாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு புரிகிறது என்று டாக்டரைக் கேட்டால், "சொல்ல முடியாதும்மா" என்கிறார். அதைச் சொல்ல அவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

காலை இரண்டு இட்லி, பால். சத்தம் இல்லை. கை: ஈ விரட்டியது, 9.10.

மார்ச் 5, வியாழன்

ஆவுடையப்பன் அண்ணாச்சி போன் செய்தார். எங்கள் பட்டிமன்றக் குழுவின் நடுவர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. "இதுவும் வேணும், அதுவும் வேணும்" என்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

"தங்கச்சி, மேட்டுப்பட்டி பங்குனிப் பொங்கல். இருபத்தொம்பது, ஞாயித்துக்கெழமை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், ராத்திரி மைக் கூடாதுன்னுட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கே வச்சிருக்கு. நீ மேடை ஏறி ஆறு மாசம் ஆகுது. வந்துரு."

மாமியாரா மருமகளா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. கமிட்டித் தலைவரோட மகன் பெங்களூருல ராக்கெட் சம்பந்தமா வேலை பாக்கானாம். தலைப்பு அவன் குடுத்தது. 'அண்டவெளியில் அறிவுள்ள உயிர் வேறெங்கும் உண்டா, இல்லையா?' எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. நீதான் கரை சேக்கணும். எந்தப் பக்கம் வேணும், சொல்லு."

இருபத்திரண்டு வருஷமாக எந்தத் தலைப்பானாலும் சார் ஒரு அணிக்குத் தலைவர், நான் எதிரணி. புருஷன் பெண்டாட்டி மேடையில் சண்டை போடுவதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும். இந்தத் தலைப்புக்குச் சார் "உண்டு" பக்கம்தான் நிற்பார். மகளுக்கு நட்சத்திரப் பெயராகப் பார்த்து ரோகிணி என்று வைத்த ஆளாயிற்றே. அதனால் "இல்லை" எனக்கு என்று சொல்லிவிட்டேன். சார் இடத்தில் கோவில்பட்டி வக்கீல் ஒருவராம்.

சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ரசம் சாதம், அரைக் கரண்டி மீதி. சத்தம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

ரோகிணி புனேயிலிருந்து வீடியோவில் வந்தாள். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கிறாளாம். இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ், தோட்டம், தனி அறை. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒரு அறை காலியாகிறது. முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அப்பா அங்கே, நான் புனேயில் அவள் வீட்டில்.

"அவருக்கு நான் வேணும்டி" என்றேன்.

"அம்மா, அப்பா அங்க இல்லம்மா. நீ அஞ்சு மாசமா செவுத்தோட பேசிக்கிட்டிருக்க. உனக்கு எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. எனக்கு ரெண்டு பேரையும் சேர்த்து இழக்க முடியாது."

அவளைக் குறை சொல்ல முடியாது. தைப் பொங்கலன்று சார் "செ" என்று ஒரு சத்தம் போட்டார். செண்பகவல்லி என்று என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று உறவுமுறை பூராவுக்கும் போன் போட்டேன். அவள் மறுநாளே விமானம் பிடித்து ஓடி வந்தாள். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அது ஏப்பம். அதற்குப் பிறகு சார் எத்தனையோ தடவை அதே சத்தம் போட்டாயிற்று, எல்லாம் சாப்பிட்ட பிற்பாடுதான். ஆகவே இந்த நோட்டில் நடந்ததை மட்டும் எழுதுவது, அர்த்தம் எதுவும் எழுதுவதில்லை என்று முடிவு.

மாவு அரைக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

மாவு பொங்கி அடுக்களை மேடை பூராவும் வழிந்துவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 12, வியாழன்

நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வந்து குறிப்பு எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, "இல்லை" அணிக்கு நல்ல சரக்கு இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகப் பெரிய பெரிய ஆன்டெனாத் தட்டுகளை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினொரு மணிக்கு ஒத்திகை. முன்பெல்லாம் ஒத்திகை என்றால் சார் இதே நாற்காலியில் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனுமாக உட்காருவார். தகவலில் தப்பு விட்டால் டம்ளரில் ஒரு தட்டு. பன்னிரண்டு நிமிடம் தாண்டினால் இரண்டு தட்டு. வாயைத் திறந்து சொல்ல மாட்டார், என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். ரோகிணி சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே "அம்மா அவுட்" என்று குதிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கஞ்சி குடித்த டம்ளரும் ஸ்பூனும் ஸ்டூலில் இருந்தன. "சூரியனிலிருந்து வெளிச்சம் இங்கு வந்து சேரவே எட்டு மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் மற்ற நட்சத்திரம் எவ்வளவு தூரம்?" என்று முழங்கினேன்.

கை: ஸ்பூனை டம்ளரில் தட்டினார், ஒரு தடவை, 11.07. தண்ணீருக்காக இருக்கும் என்று கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

வெளிச்சம் எட்டு மணி நேரம் இல்லை, எட்டு நிமிடம். அவசரத்தில் எழுதியிருக்கிறேன். திருத்தியாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை. நம் பால்வீதியில் நாலு கோடி நட்சத்திரம் என்றேன். கை: ஒரு தட்டு, 11.20. தண்ணீர் வேண்டாம். கஞ்சி வேண்டாம். பாத்ரூமும் இல்லை. குறிப்பைப் பார்த்தேன். பத்தாயிரம் கோடிக்கு மேலே என்று இருந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

பேச்சு நீண்டுவிட்டது. கை: இரண்டு தட்டு, 11.29. கொசு இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

ஜெனிபர் நோட்டை வாங்கிப் படித்தாள். "ஆன்ட்டி, இந்தத் தட்டுறது..." என்று ஆரம்பித்தாள்.

"அது பழக்கம்மா. நரம்பு. இருபது வருஷமா தட்டுன கை, டம்ளரப் பார்த்தா தட்டுது" என்றேன்.

அவளுக்கு என் பேச்சிலிருந்தே ஒன்றை எடுத்து விளக்கினேன். ஒரு காலத்தில் வானத்திலிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம், கடிகாரம் கெட்டது போ என்கிற மாதிரி அத்தனை ஒழுங்காக வந்ததாம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கூட நினைத்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒரு செத்த நட்சத்திரம், சும்மா தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக வருவதெல்லாம் அறிவு ஆகாது. அது நம்மோடு பேச வேண்டும். நாம் ஒன்று சொன்னால் அதற்குத் தக்கபடி பதில் மாற வேண்டும்.

"சரிதான் ஆன்ட்டி" என்றாள். பிறகு, "நீங்க எட்டு மணி நேரம்னு சொல்லாம இருந்திருந்தா தட்டியிருப்பாங்களா?" என்றாள்.

காபி போடப் போய்விட்டேன்.

மார்ச் 18, புதன்

ஒத்திகை இல்லை. துணி துவைத்தேன். டம்ளரை அலமாரியில் எடுத்து வைத்தேன். சார் இரண்டு வேளை கஞ்சி குடிக்கவில்லை. மூன்றாம் வேளை அதே டம்ளரில் கொடுத்தேன், குடித்தார்.

மார்ச் 21, சனி

இதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

11.05. ஒத்திகை. "ஆயிரம் கிரகம் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. வளையம் என்றால் சனிக்கு மட்டும்தான் உண்டு. உயிர் என்றால் பூமிக்கு மட்டும்தான் உண்டு." எனக்கே பிடித்துப்போன வரி. இந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

11.06. ஒரு தட்டு.

எனக்குக் கோபம் வந்தது. "சனிக்கு வளையம் இருக்கிறது பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இதுல என்ன தப்பு கண்டீங்க?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையும் எனக்குத் தெரியும். பின்பெஞ்சுப் பையனைப் பார்ப்பாரே, அது.

மறுபடி சொன்னேன். மறுபடி ஒரு தட்டு. "சனிக்கு வளையம் உண்டு" என்று மட்டும் சொன்னேன். தட்டவில்லை. "சனிக்கு மட்டும்தான் உண்டு" என்றேன். தட்டினார்.

12.15. நூலகத்துக்கு நடந்தே போனேன். வியாழனுக்கு வளையம் உண்டு. யுரேனஸுக்கு உண்டு. நெப்டியூனுக்கும் உண்டு. எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வீட்டில் தெரிந்த ஆள் ஒருத்தர்தான்.

வரும் வழியில் அரைக் கிலோ காராச்சேவு வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை, சாரால் மெல்ல முடியாது. நானே பூராவும் தின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

ரோகிணி போனில் வந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஏன் சொல்லவில்லை என்று ஜெனிபர் கேட்டாள். ஏப்பக் கதையைச் சொன்னேன். இன்னொரு தடவை அவள் ஓடி வந்து, மூன்று நாள் உட்கார்ந்து, ஒன்றுமில்லாமல் திரும்பிப் போவதை என்னால் பார்க்க முடியாது. அவளாலும் முடியாது. அதற்கு மேல் எழுதுவதற்கு இந்த நோட்டு சரியான இடம் இல்லை.

சேமியா உப்புமா. பாதி.

மார்ச் 27, வெள்ளி

ரோகிணி வந்துவிட்டாள், கையில் அந்த விண்ணப்பத்தோடு. வந்ததும் அப்பாவுக்கு நகம் வெட்டினாள், முகம் மழித்தாள். பத்து நிமிடம் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். வளையம், நிமிடம், பத்தாயிரம் கோடி, எல்லாம். அவள் முகத்தில் ஒன்று ஏறி வந்ததைப் பார்த்தேன், உடனே அதை அவளே அமுக்கிக்கொண்டதையும் பார்த்தேன். "சரி, காட்டும்மா" என்றாள்.

டம்ளரை வைத்தேன். எதிரே நின்று, "சூரியன் மேற்கே உதிக்கிறது" என்றேன்.

ஒன்றுமில்லை.

"நிலாவில் இட்லிக் கடை இருக்கிறது. வருஷத்துக்கு முந்நூறு நாள். தண்ணீர் கீழிருந்து மேலே ஓடும்." கெஞ்சுகிற குரலாகிவிட்டது எனக்கு. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூனைத் தொடக்கூட இல்லை.

"போதும்மா" என்றாள் ரோகிணி. என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ ரொம்பத் தனியா இருந்துட்ட. என் தப்பு."

அமெரிக்காவில் ஒரு தடவை வானத்திலிருந்து எழுபத்திரண்டு விநாடி பலமாக ஒரு சத்தம் வந்ததாம். அதற்குப் பிறகு அதே திசையில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தும் வரவே இல்லை. கேட்டவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்?

விண்ணப்பத்தில் திங்களன்று கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 28, சனி

அண்ணாச்சியிடம் வரவில்லை என்று சொல்லலாமென்று போனை எடுத்தேன். "நோட்டீஸ் அடிச்சாச்சு தங்கச்சி. சாரையும் கூட்டிட்டு வா. காத்தாட முன்வரிசையில இருக்கட்டும்" என்றார். ரோகிணியும் அதையே சொன்னாள். அப்பா உன் பேச்சைக் கடைசியாக ஒரு தடவை கேட்கட்டும் என்றாள். கடைசியாக என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு அவளே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

புடவை இஸ்திரி போட்டேன். அரக்கு.

மார்ச் 29, ஞாயிறு

மேட்டுப்பட்டி. வேப்பமரத்தடியில் பந்தல். ஐந்நூறு பேர் இருக்கும். சக்கர நாற்காலியில் சார் முன்வரிசையில். பக்கத்தில் ரோகிணி, மடியில் கஞ்சிப் பை. அவருக்குப் பசித்தால் ஆகாதென்று ஐந்தேகாலுக்கே டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

கோவில்பட்டி வக்கீல் "உண்டு" அணிக்கு நன்றாகவே பேசினார். என் முறை வந்தது. ஆறு மாசம் மேடை ஏறாத வாய், மைக்கைப் பார்த்ததும் தானாகத் திறந்துகொண்டது. சிரித்தார்கள். செத்த நட்சத்திரக் கதைக்குக் கைதட்டினார்கள். அப்படியே கடைசி அடிக்கு வந்தேன்.

"நடுவர் அவர்களே, ஒரு வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுறோம். பதில் இல்ல. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, அறுபது வருஷமா கூப்பிடுறோம், காத வச்சுக் கேக்குறோம். ஒரு சின்ன பதில்கூட இல்ல. அப்ப என்ன அர்த்தம்? உள்ள யாரும் இல்லேன்னு அர்த்தம்."

டிங்.

ஒரு தட்டு. முன்வரிசையிலிருந்து.

கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது, யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள் என்று நினைத்திருக்கும். ரோகிணி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "எதிரணித் தலைவர் தப்புங்கிறாரு. எது தப்பு? அறுபது வருஷமா?"

தட்டவில்லை.

"காத வச்சுக் கேட்டமே, அதுவா?"

தட்டவில்லை.

"பதில் வரலேன்னேனே, அதுவா?"

ஸ்பூன் அசையவில்லை. பந்தலே இப்போது அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப, உள்ள யாரும் இல்லேன்னேனே. அதுவா?"

டிங்.

ரோகிணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா அவுட்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பேசியது சுத்தமான சேம்சைடு கோல். என் அணிக்காரர்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். நூலகப் புத்தகத்தில் ஒரு விஞ்ஞானி சொன்னதாக ஒன்று இருந்தது, எதிரணிக்குச் சாதகமாயிற்றே என்று ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். நாம் இதுவரை வானத்தில் தேடினதெல்லாம், கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்த அளவுதான். டம்ளரில் மீன் இல்லை என்பதற்காகக் கடலிலேயே மீன் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பதில் வரவில்லை என்றால் நாம் கேட்கிற விதம் தப்பாக இருக்கலாம். அவர்கள் வேறு மாதிரி பேசுகிறவர்களாக இருக்கலாம். தண்ணீர் வேண்டுமா, கஞ்சி வேண்டுமா, கொசுவா என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு அலைந்திருக்கலாம். ஐந்து மாசம் ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து, இவளுக்கு எப்போதுதான் புரியுமோ என்று காத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஐந்து மாசம் என்று ஏன் சொன்னேன் என்று கூட்டத்துக்குப் புரிந்திருக்காது. நான் அழுததும் எதற்கென்று புரிந்திருக்காது. ஆனால் அமைதியாகக் கேட்டார்கள்.

அண்ணாச்சி மணியில் கை வைப்பதற்குள் இரண்டு தட்டு. பன்னிரண்டு நிமிடம். உட்கார்ந்துவிட்டேன்.

தீர்ப்புச் சொல்ல எழுந்த அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இன்னைக்கு வேலை இல்லீங்க. தனுஷ்கோடி சார் தீர்ப்பு சொல்லிட்டாரு. உண்டு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பக்கமாக.

காரில் வரும்போது ரோகிணி கேட்டாள், வெள்ளிக்கிழமை ஏன் அப்பா தட்டவில்லை என்று. சூரியன் மேற்கே, நிலாவில் இட்லிக் கடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்கிற பையனைச் சார் வகுப்பில் ஒரு நாளும் திருத்தியதில்லை. திரும்பியே பார்க்க மாட்டார். ஜன்னலைத்தான் பார்ப்பார். முப்பத்தோரு வருஷம்.

"அப்பா, அப்படியா?" என்றாள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து. சார் தட்டவில்லை. தட்டாவிட்டால் சரி என்று அர்த்தம்.

மார்ச் 30, திங்கள்

விண்ணப்பம் போகவில்லை. ரோகிணி இன்னும் ஒரு மாசம் இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாளாம். காலையிலேயே ஜெனிபரை வரவழைத்து, இரண்டு பேருமாக அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினார்கள். ஒன்று: தப்பு. இரண்டு: போதும். மூன்று: காபி. நாலு: பாத்ரூம். சார் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை: மூன்று தட்டு, 10.40.

காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சர்க்கரை டாக்டர் கூடாதுன்னுட்டாரு. அதனால போடல" என்றேன்.

கை: ஒரு தட்டு, 10.43.